ஓட்ஸ் தட்டில் ஓடிய பதினாலாம் நம்பர் பஸ்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சானுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காவும் உடலளவில் சௌக்கியம். அங்கு தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்களை நம்பி நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். உடலளவில் என்று ஏன் பிரித்து எழுதினேன் என்றால், உங்கள் அக்கா என்னோடு பேசி ஒரு வாரத்துக்கு மேலாகிறது. நீங்களோ பல் டாக்டர், அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதையே தொழிலாகக் கொண்டவர். ஆகையால் உங்களிடம் வருகிறேன்.

பஸ் கம்பெனியில் வழித்தடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது முதல் வாரப் பத்திரிகையின் அறிவியல் விநோதப் பக்கம்தான் எனக்கு ஆபீஸ். சாப்பாட்டு மேஜையில் அதை உரக்கப் படிப்பேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று படித்தால், "மூணு இதயம் எதுக்கு? சொன்னதைக் கேக்க ஒரு காது இருந்தா போதாதா?" என்பாள் உங்கள் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டே. அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில்தான் சளிப்பூஞ்சை வந்து சேர்ந்தது. பெயரில்தான் பூஞ்சை, பூஞ்சையும் இல்லை, செடியும் இல்லை, விலங்கும் இல்லை. மஞ்சளாக, வழவழவென்று, மொத்த உடம்பும் ஒரே செல். மூளை என்பது மருந்துக்கும் கிடையாது. ஆனால் ஒரு பெருநகரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் போல ஓட்ஸை அடுக்கி வைத்து இதை விட்டார்களாம், ஓட்ஸுக்கு ஓட்ஸ் கிளை நீட்டி, இஞ்சினியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட ரயில் பாதையைப் போலவே ஒரு வலையைப் பின்னிவிட்டதாம். எனக்குச் சுருக்கென்றது. நான் சர்வீஸ் முழுக்கச் செய்த வேலையை ஒரு வழவழப்பு செய்கிறதென்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

பதினாலாம் நம்பர் பஸ் உங்களுக்கு நினைவிருக்கும். நான் போட்ட தடம். கிடங்கு ரோட்டில் நேராகப் போகாமல் ஆஸ்பத்திரி வழியாக வளைந்து போகும். உங்கள் அக்கா மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு அதில்தான் போய் வந்தாள். வீட்டுக்குள் காலை வைக்கும்போதே, "நேரா கிடங்கு ரோட்டுல விட்டா என்ன? ஊரெல்லாம் சுத்திக் காட்டணுமா?" என்பாள். "அந்த ரோட்டுல ஏறவும் ஆள் இல்ல, இறங்கவும் ஆள் இல்ல" என்பேன் நான். வேலையை விட்டு இருவரும் வீட்டில் உட்கார்ந்த பிறகும் இந்த வழக்கு முடியவில்லை. இந்த மஞ்சள் ஜந்துவே நீதிபதியாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். மேல்வீட்டில் குடியிருக்கும் உயிரியல் வாத்தியார் தன் கல்லூரியிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடித் தட்டில் கடல்பாசி காய்ச்சி ஊற்றி, அடியில் வரைபடத்தை வைத்து, என் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் ஓட்ஸ் வைத்தேன். கிடங்கு ரோட்டில் நிறுத்தம் இல்லை, ஆகவே ஓட்ஸும் இல்லை. அதற்கு இருட்டுதான் பிடிக்கும் என்பதால் துணி அலமாரியில் வைத்தேன். "போர்வை வைக்கிற இடத்துல ஊசிப்போன கஞ்சியை வெச்சிருக்கீங்களே, நல்லா இருக்கா?" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் போட்ட சண்டை.

இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்க்கிறேன், தடித்த மஞ்சள் கோடு கிடங்கு ரோட்டில் நேராக ஓடியிருக்கிறது! வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒண்ணுமே இல்லாத பக்கம் இவ்வளவு தீர்மானமா ஏன் போச்சுன்னு தெரியலையே சார்" என்று தாடையைச் சொறிந்தார். தீர்ப்பு தீர்ப்புதான். உங்கள் அக்காவிடம் போய், "நீ சொன்னதுதான் சரி. நான்தான் இத்தனை பேரை வீணா சுத்த விட்டுட்டேன்" என்றேன். குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். என் முகத்தையே பார்த்தாள், சட்டென்று திரும்பி அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்று மூடிய வாய்தான்.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. கட்டியவள் சொன்னதைக் கேட்க எனக்கு மூளையில்லாத ஒன்றின் சிபாரிசு வேண்டியிருந்தது. அந்தக் கோபம் நியாயம்தான். இந்த ஜந்து போன இடத்தில் ஒரு பிசினை விட்டுவிட்டுப் போகுமாம், அந்தப் பக்கம் மறுபடி வீணாகப் போகாமலிருக்க. நாங்களோ தினமும் அதே கிடங்கு ரோட்டில் போய் முட்டிக்கொண்டோம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன் மச்சான், அந்தச் சண்டை இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது, பயமாகக்கூட இருக்கிறது. தயவுசெய்து போன் போட்டு அவளை என்னோடு பேசச் சொல்லுங்கள். திட்டினாலும் சரி.

தங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பும் ஆசியும். தங்கள் கைராசி ஓங்கட்டும்.

இப்படிக்கு,
வழி தெரியாமல் நிற்கும் அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா. உறை மேல விலாசம் எழுதறது எப்பவும் நான்தான். ஒரு வார்த்தை பேசாம, ஒட்டாத உறையை மேஜை மேல வெச்சுட்டுப் போயிருக்கார். படிச்சுட்டேன். எனக்கு அவர்மேல கோபமே இல்லடா. கிடங்கு ரோட்டுல வரிசையா ஓட்ஸ் வெச்சது நான்தான். அது கோடு போட்டு முடிச்சதும் எடுத்துட்டேன். சும்மா ஒரு விளையாட்டுக்குத்தான் பண்ணேன், சண்டைக்கு வருவார்னு நெனச்சேன். மனுஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நீ சொன்னதுதான் சரின்னு நின்னாரு பாரு, எனக்குத் தாங்கல. வாயைத் திறந்தா உண்மை வந்துடும்னுதான் மூடிக்கிட்டேன். மேல்வீட்டு வாத்தியார்கிட்ட இன்னொரு துண்டு வாங்கி, வேற தட்டுல, அவர் வெச்ச மாதிரியே ஒழுங்கா வெச்சுப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வழியாத்தான் வளைஞ்சு போகுது, அச்சு அசல் அவர் போட்ட ரூட்டு. இதோ கூப்பிட்டுக் காட்டப் போறேன், வாங்கிக் கட்டிக்கவும் போறேன். நீ போன் பண்ணாதே. ரெண்டு நாள் அவர் ஜெயிச்ச சந்தோஷத்துல இருக்கட்டும். அப்புறம், பூஞ்சைக்கு என்ன தெரியும், அது என்னிக்காவது வேலைக்கு நேரமாச்சுன்னு பஸ்ல நின்னுருக்கான்னு நான் ஆரம்பிக்கணும்.