வெறும் ஏனம் வாங்காத அண்டா அக்கா

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்களில் மாமியாருக்குப் பயப்படாதவர்கள் இருக்கலாம். அண்டா அக்காவுக்குப் பயப்படாதவர் ஒருத்தர்கூடக் கிடையாது. சந்தேகம் இருந்தால் உங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். தாலி கட்டுகிற படத்தில் எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருப்பார்கள். பின்னால் ஒரு அம்மா மட்டும் மணமேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தியில் கரண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார். அவர்தான்.

அக்காவுக்கு வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டான், அன்னக்கூடை, ஜமக்காளம், பிளாஸ்டிக் சேர் எல்லாம் கிடைக்கும். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். பாத்திரங்களில்கூடப் பெயர் வெட்ட மாட்டார், மூன்று புள்ளிதான். ஏன் என்று கேட்டேன். "பேர் வெட்டுனா அழிச்சிட்டு வேற பேர் வெட்டிக்குவானுங்க தம்பி. புள்ளிய எவன் அழிக்கப் போறான்?" என்றார். ஐம்பத்தெட்டு வயசில், பாதி தலை வழுக்கையான என்னைத் தம்பி என்று கூப்பிடும் ஒரே ஜீவன் அக்காதான்.

காணையில் ஒரு கல்யாணத்தில் சாம்பார்க் கரண்டி ஒன்று தொலைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் காசு தருகிறோம் என்றார்கள். அக்காவுக்குக் காசு வேண்டாம், கரண்டிதான் வேண்டும். வளைகாப்புக்கு அழைப்பில்லாமல் போய் நின்றார். பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசினார், வளையல் போட்டார், "நல்லபடியா பெத்து எடு கண்ணு" என்று வாழ்த்தினார். அதே மூச்சில் மாமியாரைத் திரும்பிப் பார்த்து, "ஆமா, கரண்டி இன்னா ஆச்சு?" என்றார். அந்த அம்மா அப்படியே எழுந்து போய்ப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

இப்பேர்ப்பட்ட மனுஷியை எங்கள் இல்லத்து நிதிக்குழுவுக்குத் தலைவியாக்கியது யார் என்று கேட்கிறீர்களா? யாரும் ஆக்கவில்லை. அவரே ஆகிக்கொண்டார்.

இல்லம் என்றால், திண்டிவனத்தில் அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளையும், இருந்தும் பார்த்துக்கொள்ள முடியாதவர்களின் பிள்ளைகளையும் வளர்க்கிற இடம். நான் அதற்குச் செயலாளர். அதாவது, 'கருணை உள்ளம் கொண்ட பெருமக்களே' என்று ஆரம்பித்து அழகழகாக வேண்டுகோள் எழுதுவேன். பெருமக்கள் அதில் பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றி எடுப்பார்கள். ஒருநாள் குழுக் கூட்டத்துக்குச் சேர் போட வந்த அக்கா, ஓரமாக நின்று முழுசாகக் கேட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"காலையிலேர்ந்து பேசிக்கினே இருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சி செலவானது டீ மட்டுந்தான். நகருங்க தம்பி, நான் பார்த்துக்கறேன்."

நகர்ந்தேன். அவ்வளவுதான் தேர்தல்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டில் வாங்கின ஏனத்தை, அதாவது பாத்திரத்தை, வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம். குழம்பு வந்த கிண்ணத்தில் ஒரு பிடி மல்லாட்டையாவது, அதாவது வேர்க்கடலையாவது, போட்டுத்தான் கொடுப்போம். வாடகைப் பாத்திரத்துக்கு இந்த வழக்கம் கிடையாது. அதற்குத்தான் வாடகை கொடுக்கிறோமே! அக்கா பதவிக்கு வந்த மறுநாளே இந்த வித்தியாசத்தை ஒழித்துக் கட்டினார்.

"வாடக எனக்கு. ஏனத்துக்குள்ள வர்றது புள்ளைங்களுக்கு. வெறும் ஏனம் கொண்டாந்தா வாங்க மாட்டேன். வாங்கலன்னா நாள் வாடக ஏறிக்கினே போவும், சொல்லிட்டேன்."

ஜனங்கள் முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிப்போய், கடைசியில் போட்டியே வந்துவிட்டது. "அவங்க வூட்டுக் கல்யாணத்துல அண்டா நெறைய அரிசி போச்சாமே, நம்ம இன்னா கொறைஞ்சவங்களா?" என்று பரங்கிக்காயும் துவரம்பருப்பும் கேப்பையும் வந்து இறங்கின. பெருமுக்கல்காரர் ஒருவர் அண்டாவில் உயிருள்ள சேவலை வைத்து மூடி அனுப்பிவிட்டார். மூடியைத் திறந்த பாக்கியசாலி அடியேன். மூக்கில் தழும்பு இன்னும் இருக்கிறது. அறுவடைக்கு அப்புறம் வந்த மல்லாட்டை மூட்டைகளை அக்கா மார்க்கெட் கமிட்டிக்கு ஏற்றிப்போய் விற்றுவிட்டு வந்தார். என் பத்து வருஷத்துப் பெருமக்கள் ஒரே சீசனில் தோற்றுப்போனார்கள்.

போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது அக்கா ஒரு தூக்கில் மிளகு ரசம் கொடுத்தனுப்பினார். குடித்துவிட்டேன். எதைப் போட்டுத் திருப்புவது என்று யோசித்து யோசித்தே தூக்கு என் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதிலிருந்து அக்கா எதிரே வந்தாலே கணக்குப் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன். காணைக் கரண்டி கண்ணுக்குள் வந்துபோகும்.

இது இப்படி இருக்க, இந்த வருஷம் பெரிய சோதனை வந்தது. பதினெட்டு வயசு முடிந்தால் பிள்ளைகள் இல்லத்தை விட்டுப் போக வேண்டும் என்பது சட்டம். நாலு பெண்களுக்கு முடிந்துவிட்டது. மூன்று பேருக்கு விழுப்புரத்தில் ஜவுளிக்கடை வேலை கிடைத்திருந்தது. கலைவாணிக்கு அங்கேயே நர்சிங் சீட்டு. ஹாஸ்டலில் இடமில்லை, காலேஜ் திறக்க ஒரு வாரம்தான் பாக்கி. கமிட்டியில் விற்ற மல்லாட்டைப் பணத்தை அட்வான்ஸாகக் கொடுத்து, நாலு பேரும் சேர்ந்து இருக்க அக்கா ஒரு வீட்டைப் பேசி முடித்தார். பெண்கள் இல்லத்திலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் பணத்தை அப்படியே திருப்பி நீட்டினார்.

"நல்ல பொண்ணுங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒடம்பு சரியில்லன்னா யாரு வருவா? ஒரு பிரச்சனைன்னா நான் யார்கிட்ட போய்ப் பேசறது? சொந்தக்காரங்கன்னு நாலு பேர் வந்து நிக்கட்டும், சாவிய குடுத்துடறேன்."

நான் இளைஞர் நலம், சமூகப் பொறுப்பு என்று அரைமணி நேரம் முழங்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சார் காபி சாப்பிடறீங்களா?" என்றார். என் பேச்சுக்குக் கிடைத்த பலன் அதுதான்.

கூட வந்திருந்த கலைவாணியோடு குட்டி யானையில், அதாவது அக்காவின் சரக்கு வண்டியில், திரும்பினோம். வழியில் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "வுடுங்க பெரிம்மா. நானும் ஜவுளிக்கடைக்கே போறேன். அவங்க இடம் குடுப்பாங்களாம். படிப்பு அப்புறமா பார்த்துக்கலாம்."

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"அப்புறமான்னா எப்ப? நான் செத்தப்புறமா? சொந்தக்காரங்க நாலு பேரு தானடி கேட்டாரு? ஞாயித்துக்கிழம பால் காய்ச்சறோம். புதுத் துணி எடுத்து வை."

"அக்கா, இது ஆடி மாசம்" என்றேன் நான், மெதுவாக.

"ஆடின்னாதான் நல்லது தம்பி. கல்யாணம் கெடையாது. அம்மன் கோயில் கூழுக்குப் போனது போக என் ஏனமெல்லாம் சும்மாதான் கெடக்கு. பொண்ணு படிக்கப் போற மாசம் எந்த மாசமா இருந்தாலும் நல்ல மாசந்தான்."

அடுத்த நாலு நாளில் அக்கா கடையைக் காலி செய்தார். இதுவரை தன்னிடம் பாத்திரம் எடுத்த வீடு வீடாகப் போய், ஆளுக்கொரு ஏனத்தைச் சும்மா கொடுத்தார். வாடகை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனைதான். "கடைக்குக் கொண்டாராதீங்க. ஞாயித்துக்கிழம காலையில விழுப்புரத்துல இந்த வூட்டுக்கு வந்து குடுங்க. வெறுமையா வராதீங்க, அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தெருவில் பம்பைச் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் பனியனோடு வெளியே ஓடிவந்தார். தெரு முனையிலிருந்து ஜனம் வந்துகொண்டிருந்தது. தலையில் அண்டா, இடுப்பில் குண்டான், கையில் தாம்பாளம். அரிசி, வெல்லம், எண்ணெய், தலையணை, மிக்சி, ஒரு ஜோடி வெள்ளை ஷூ. ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். ஒருவர் கற்பூரத்தோடு வர, இன்னொருவர் பைபிளோடு வந்தார். வீட்டுக்காரர் ஒவ்வொருவராக மறித்து "நீங்க பொண்ணுங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "பெரியப்பா." "சித்தி." "மாமா." கூச்சமே இல்லாமல் பதில் வந்தது. அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த கூட்டம் என்றே நினைத்தார்.

அப்போதுதான் வாசலில் சண்டை ஆரம்பித்தது.

பிரம்மதேசத்து டிராக்டர்காரரும் காணை கரும்புக்காரரும் ஒரே நேரத்தில் படியில் கால் வைத்துவிட்டார்கள். "நான் தாய்மாமன் முறை. நான்தான் மொதல்ல போவணும்" என்றார் பிரம்மதேசம்.

"நீ எப்பய்யா மாமன் ஆன? அக்கா மொதல்ல ஏனம் குடுத்தது என் வூட்லதான்" என்றார் காணை.

"மொதல்ல குடுத்தா? எனக்குப் பெரிய அண்டா குடுத்துருக்காங்க. பெரிய அண்டா வாங்கனவன்தான் பெரிய மாமன்!"

"அப்ப நான் போறேன். எனக்கு மரியாத இல்லாத வூட்ல எனக்கென்ன வேல?" என்று காணை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப, நாலு பேர் ஓடிப்போய்ச் சமாதானம் பண்ணிக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். பெருமுக்கல்லில் நடவு வேலை செய்கிற அம்மா ஒருத்தர், தலையில் அன்னக்கூடையோடு, "நீங்க அடிச்சிக்கினே இருங்க. நான் அத்த, வழிய வுடுங்க" என்று இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து முதல் ஆளாக உள்ளே போய்விட்டார்.

போச்சுடா, எல்லாம் கெட்டது என்று நான் தலையில் கை வைத்தேன். வீட்டுக்காரரின் மனைவி அவர் கையைச் சுரண்டினார்.

"ஏங்க, நம்ம பொண்ணு கல்யாணத்துல உங்க அண்ணனும் எங்க அண்ணனும் இதே மாதிரிதானே மல்லுக்கு நின்னாங்க? வாடகைக்குப் புடிச்சாந்தவன் மரியாதைக்கு ஏங்க சண்ட போடுவான்? இவங்க சொந்தக்காரங்கதான். சாவியக் குடுங்க."

வீட்டுக்காரர் சாவியைக் கலைவாணி கையில் கொடுத்தார். பம்பைக்காரர் அடித்த அடியில் எதிர்வீட்டுப் பூனை கூரை ஏறிவிட்டது. மாமன்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்?

பால் காய்ச்சப் போகும்போதுதான் தெரிந்தது, வீடு கொள்ளாத பாத்திரத்தில் ஒன்றுகூடக் காலியில்லை. அக்கா சொன்னதை எல்லோரும் அட்சரம் தவறாமல் கேட்டிருந்தார்கள். குண்டானைத் திறந்தால் பருப்பு, சட்டியைத் திறந்தால் ஊறுகாய். அடுப்புப் பற்றவைத்தாயிற்று, நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா விறுவிறுவென்று குட்டி யானைக்குப் போனார். தன் காலைச் சாப்பாட்டுக்குக் கேப்பங்கூழ் கொண்டுவந்திருந்த சின்னக் குண்டானை எடுத்தார். நடுத்தெருவில் நின்று ஒரே மூச்சில் கூழை மடக் மடக்கென்று குடித்தார். குழாயடியில் தேய்த்துக் கழுவி அடுப்பில் வைத்தார். பால் பொங்கி மூன்று புள்ளியின் மேல் வழிந்தது.

போன வாரம் ஒருவழியாகத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, தூக்கு நிறைய வறுத்த மல்லாட்டையோடு அக்கா கடைக்குப் போனேன். அக்கா பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லா ஏனமும் திரும்பி வந்துருச்சா அக்கா?"

"வந்துருச்சி. அந்தப் பால் காய்ச்சன குண்டான் மட்டும் பொண்ணுங்ககிட்ட இருக்கு."

"கேட்டு வாங்கலையா?" எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு கரண்டிக்காக வளைகாப்புக்குப் போன மனுஷி!

"இன்னா தம்பி பேசற? பொறந்த வூட்டு ஏனத்த எந்தப் பொண்ணாவது திருப்பிக் குடுப்பாளா?"

சொல்லிவிட்டு என் கையிலிருந்த தூக்கை வாங்கினார். மல்லாட்டையை ஒரு பையில் கொட்டி, "கலைக்குக் குடுத்தனுப்பறேன்" என்றார். தூக்கைத் திருப்பி அடியிலிருந்த மூன்று புள்ளியைத் தடவிப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்துச் சட்டியிலிருந்து இரண்டு அதிரசத்தை எடுத்துத் தூக்கில் போட்டு மூடி, என் கையிலேயே திணித்தார்.

"எடுத்துக்கினு போ. வூட்ல இருக்கட்டும்."

தூக்கை ஆட்டிக்கொண்டே வெயிலில் நடந்து வந்தேன். ஐம்பத்தெட்டு வயசில் எனக்கும் ஒரு பிறந்த வீடு கிடைத்துவிட்டது.