கனிஷாய் வீட்டுக் கூரை

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பள்ளிவாசல் ஆட்கள் பின்தொடர, ஓட்டமும் நடையுமாக வந்த சபிர்குல், புதுக் குடியிருப்பு முனையில் திரும்பியதும் நின்றுவிட்டார். ஒரே அச்சில் வார்த்த, எண் போடாத மண் வீடுகள். அதில் ஒன்றின் கூரைமேல் ஏழு பேர். அத்தனை பேரும் தேவாலயத்து ஆட்கள்.

"புரோகோர், கீழ எறங்குய்யா."

தேவாலயத்துப் பெரியவர் புரோகோர் வாயிலிருந்த ஆணியை எடுத்தார். "எதுக்கு?"

"புருஷன் செத்து மூணு புள்ளைங்களோட தவிக்கிறா கனிஷாய். மழைக்கு முன்னாடி கூரை போடணும்னு வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் ஊர்கூடிச் செய்யுற அஷார் வேலைக்கு ஆள் கூப்பிட்டது நான்."

"ஊருக்கே கேட்டுது. அதான் முந்திக்கிட்டோம். வீடுதான் தெரியல. உங்க ஏணி இங்க சாஞ்சிருந்துது, கண்டுபுடிச்சிட்டோம்."

ஏணி இன்னும் சபிர்குல் தோளில்தான் இருந்தது. கோபத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை. "நன்மையைக்கூடவா திருடுவாங்க? வெட்கமா இல்ல?"

"நன்மைக்குப் பட்டா வாங்கி வச்சிருக்கியா?"

கடைசியில் கூரையைப் பங்கு போட்டார்கள். கிழக்குச் சரிவு பள்ளிவாசலுக்கு, மேற்கு தேவாலயத்துக்கு. ஆளுக்கொரு அளவில் தகரம். உச்சியில் இரண்டும் சேரவில்லை. ஒரு முழம் இடைவெளி வானத்தைப் பார்த்தது.

"அது உன் பக்கம்."

"உன் பக்கம்."

இதற்கிடையே தடித்த ஆள் ஒருவர் வாய்கொள்ளாச் சிரிப்போடு தேநீரும் ரொட்டியும் நீட்டியபடி இருந்தார். கனிஷாயின் அண்ணனாக்கும் என்று இரு தரப்பும் மரியாதையாக வாங்கிக் குடித்தது.

மலைமேல் மேகம் கறுத்தது. கையிருப்புத் தகரம் தீர்ந்தது.

"விட்டுக்கொடுக்க மாட்டேன்," என்று சீறிய சபிர்குல், பள்ளிவாசலின் விறகுக் கொட்டகைத் தகரத்தையே பெயர்த்து வந்தார். புரோகோருக்கும் பொறுக்குமா? தேவாலயத்து நிலக்கரிக் கொட்டகை மொட்டையானது. உச்சியில் இரட்டைத் தகரம் ஏறியது. ஊரில் வேறு தகரம் இல்லை.

கடைசி ஆணி இறங்கவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது.

"பாத்தியா, நாங்க முடிச்சோம்," என்றார் சபிர்குல்.

"நாங்க," என்றார் புரோகோர்.

கையில் வாளியோடு மெலிந்த பெண் ஒருத்தி வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே, இங்க முடிஞ்சிருச்சுன்னா அடுத்த சந்துக்கு வர்றீங்களா? காலையிலேருந்து ரொட்டி சுட்டு வச்சுக் காத்திருக்கேன். நான்தான் கனிஷாய்."