அமெரிக்க மூக்கு

"உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்த மூக்கு இருக்கிறதா? போட்டோ அனுப்புங்கள்" என்று பாஸ்டனிலிருந்து கேதரின் கேட்டதும் கௌரிசங்கர் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டான். சப்பை.

எச்சிலை அனுப்பி வம்சம் பார்க்கும் பரிசோதனையில், கேதரின் அவனுக்குத் தூரத்து உறவு என்று வந்திருந்தது. அவருடைய முன்னோர் எலைஜா விட்கோம், அமெரிக்காவின் முதல் காங்கிரஸில் உறுப்பினர். எலைஜாவின் மகன் வியாபாரக் கப்பலில் மதராசுக்கு வந்து, அங்கேயே குடும்பம் நடத்தியவனாம்.

மெல்போர்னில் அவன் வேலை பார்த்த மல்கிரேவ் ஆபீஸ் முழுக்கப் பெருமையடித்தாயிற்று. வீட்டில் மனைவி நாகலட்சுமியிடமும்.

"காங்கிரஸா? எங்க பெரியப்பாகூடக் காங்கிரஸ்தான்."

"இது அமெரிக்கக் காங்கிரஸ்டி! உங்க பரம்பரையில பஞ்சாயத்து மெம்பராவது உண்டா?"

கேதரின் அனுப்பியிருந்த எலைஜாவின் ஓவியத்தில் இருந்ததோ கிளிமூக்கு. நாகலட்சுமியின் ஆல்பத்தைப் புரட்டினான். அவள் தாத்தா வளைந்த மூக்கோடு முறைத்தார். 'என் தாத்தா' என்று எழுதி அனுப்பிவிட்டான்.

"அதே மூக்கு! எனக்கு வேறு சொந்தமே இல்லை. நேரில் வருகிறேன்!"

எழுபது வயது கேதரின் டிக்கெட் போட்டுவிட்டார். வீட்டோடு தங்கியிருந்த மச்சினன், நாகலட்சுமியின் தம்பி பிரதீப்குமார்தான் ஏர்போர்ட்டிலிருந்து கிளென் வேவர்லி வீட்டுக்கு அழைத்து வந்தான். கேதரின் கையில் தாத்தா, கண்ணாடிச் சட்டத்துக்குள்.

காபி கொண்டுவந்த நாகலட்சுமி நின்றாள். "ஏங்க, இது எங்க தாத்தா இல்ல?"

"என்ன சொல்கிறாள்?" என்றார் கேதரின்.

"சர்க்கரை போதுமான்னு கேக்கறா."

கேதரின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். "இனி நான் அநாதை இல்லை."

கௌரிசங்கருக்குத் தாங்கவில்லை. "மன்னிச்சிடுங்க. இவர் என் தாத்தா இல்லை. என் மனைவியோட தாத்தா. மூக்குக்காக எடுத்து அனுப்பினேன்."

கேதரின் முகம் சுருங்கியது. "அப்படியானால் பரிசோதனை?"

"எச்சில் நிஜம். மூக்குதான் பொய்."

நாகலட்சுமி கேதரினின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூக்கு கெடக்கட்டும். எங்க வீட்டுக்கு வந்துட்டீங்க, எங்க சொந்தம்தான். எழுந்து வாங்க, சாப்பிடலாம்."

சோபாவில் நெளிந்துகொண்டிருந்த பிரதீப்குமார் மெல்ல வாய் திறந்தான்.

"அத்தான், உங்க எச்சில் குழாய் அன்னிக்கு என் கை தட்டிக் கொட்டிடுச்சு. நீங்க திட்டுவீங்கன்னு பயந்து, நானே துப்பி அனுப்பிட்டேன்."