முப்பதுக்கு இறங்கி வந்த இருபத்தஞ்சு

கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் எங்கே கல்யாணம் நடந்தாலும் சம்பந்தியைவிட, சமையல்காரரைவிட, மைக் பிடித்து வாழ்த்திப் பேசுகிறவரைவிட அதிகமாகப் பயப்பட வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். அவரை யாரும் அழைத்திருக்கமாட்டார்கள். பந்தியில் உட்காரமாட்டார். மணமக்களை ஏறெடுத்துப் பார்க்கக்கூட மாட்டார். ஸ்டுடியோவின் பின்னறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற எடிட்டர் அவர். பெயர் இருபத்தஞ்சு. பெற்றவர்கள் வேறு ஏதாவது வைத்திருப்பார்கள். அதைக் கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை.

நான் அப்போது அந்த ஸ்டுடியோவை ஒட்டிய கடையில் பிளெக்ஸ் பேனர் டிசைன் செய்துகொண்டிருந்தேன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அதனால் அவருடைய உபதேசம் தினமும் எனக்கு இலவசமாகக் கிடைத்தது. வீடியோ என்பது ஓடுகிற படமே இல்லையாம், வரிசையாக வருகிற போட்டோக்களாம். காமிரா நொடிக்கு இருபத்தைந்து போட்டோ எடுக்க வேண்டும். எடிட்டிங் சாப்ட்வேரில் புது வேலையைத் திறக்கும்போது அங்கேயும் அதே இருபத்தைந்தைக் கொடுக்க வேண்டும். ஒரு காமிரா மட்டும் முப்பதில் எடுத்துத் தொலைத்தால், சாப்ட்வேர் நொடிக்கு ஐந்து போட்டோவைத் தூக்கி எறிந்துவிடும். மணப்பெண் மேடைக்கு நடந்து வருகிறபோது அங்கங்கே துள்ளுவாள். பெண் துள்ளினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர் சொல்கிற தோரணையில், சாப்ட்வேரைச் சொல்கிறாரா சாஸ்திரத்தைச் சொல்கிறாரா என்று கேட்பவர்களுக்குக் குழம்பிப் போகும்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் காமிராக்காரர்கள் எல்லாரும் பின்னறைக்குப் போய் அவரிடம் காமிராவைக் காட்ட வேண்டும். ஜோசியர் ஜாதகத்தைப் புரட்டுவது மாதிரி செட்டிங்ஸ் ஒவ்வொன்றாகப் புரட்டுவார். எல்லாம் பொருந்தினால் ஒரு உறுமல். பொருந்தாவிட்டால் அந்த ஆளின் வம்சமே காமிரா தொடத் தகுதியில்லாதது என்று நிரூபித்துவிட்டுத்தான் விடுவார். அப்படியும் நம்பிக்கை வராது. சந்தேகம் வந்தால் பஸ் பிடித்து மண்டபத்துக்கே போய்விடுவார்.

வண்ணாமடைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேடையேறி, "சித்தெ நிறுத்துங்க" என்று கையைக் காட்டினார். நாதஸ்வரக்காரர் பயந்து நிறுத்தியேவிட்டார். பெண்ணின் அப்பா ஓடிவந்து என்ன குறை என்று கேட்டதற்கு, "முப்பதுங்க" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுக் காமிராவைப் பிடுங்கி மாற்றத் தொடங்கினார். அவர் மாற்றி முடிப்பதற்குள் பந்திவரைக்கும் செய்தி போய்விட்டது, மாப்பிள்ளை வீட்டில் இன்னும் முப்பது பவுன் கேட்கிறார்கள் என்று. பெண்ணின் மாமன்மார்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். அன்றைக்கு ரத்தம் சிந்தாமல் தாலி ஏறியது அந்த ஊர் அம்மனின் புண்ணியம்.

அவருக்கும் பெண் பார்த்தார்கள். பக்கத்துச் சித்தூரில் நல்ல இடம். பெண் கோயிலில் விளக்கு ஏற்றுகிற வீடியோவை போனில் அனுப்பிவைத்திருந்தார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தார். எப்படி இருக்கிறது என்று அண்ணன் கேட்டதற்கு, சரியில்லை, கை துள்ளுது என்று சொன்னார். போய்த் தொலையட்டும் என்று அண்ணன் அந்த இடத்தையே தட்டிக் கழித்துவிட்டார். அவர் சொன்னது வீடியோவை என்று வீட்டுக்குப் புரிவதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, அதன் வீடியோவும் இவரிடமே வெட்டுவதற்கு வந்தது. எல்லாக் காமிராவும் இருபத்தைந்து. ரொம்பச் சந்தோஷமாக வெட்டிக் கொடுத்தார்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். இனிமேல் எழுதுவது அப்படி இல்லை.

என் தங்கை கோகிலாவின் கல்யாணம். மாப்பிள்ளை பொள்ளாச்சி. எங்கள் பக்கம் வீடியோ இதே ஸ்டுடியோதான், பக்கத்துக் கடைக்காரன் வேறு எங்கே போவது. அப்பாவுக்கு அப்போதே கை நடுக்கம் அதிகம். பெருமாட்டியில் தென்னந்தோப்பைத் தனியாளாகக் கட்டி மேய்த்த மனுஷன், காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. வெளியாட்கள் முன்னால் கையை மேல்துண்டுக்குள் ஒளித்துக்கொள்வார். எங்கள் கல்யாணங்களில் பெண்ணின் அப்பா செம்பிலிருந்து தண்ணீர் வார்த்துப் பெண்ணைத் தாரை கொடுக்க வேண்டும். சீர் நடத்துகிற அருமைக்காரர், பெரியப்பாவை வார்க்கச் சொல்லலாமே என்று மெதுவாகக் கேட்டார்.

"என்ற புள்ளைக்கு நாந்தான் தாரை வாக்கோணும். நடுங்குனா நடுங்கீட்டுப் போவுது" என்றார் அப்பா.

துண்டிலிருந்து கையை வெளியே எடுத்தார். சபை முன்னால் செம்பைத் தூக்கினார். செம்பு ஆடியது, தண்ணீர் பாதி மாப்பிள்ளையின் வேட்டியில் போயிற்று, மீதியைச் சரியாகக் கோகிலாவின் கையில் ஊற்றினார். அப்பா தன் கையை ஊருக்கு முன்னால் காட்டியது அந்த ஒரு தடவைதான்.

அதை எங்கள் காமிராக்காரர் எடுக்கவில்லை. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து இருபத்தஞ்சு மண்டபத்துக்கு வந்து, அவரை மேடையிலிருந்து கீழே இறக்கி, ஓரமாக நிறுத்தி, செட்டிங்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருபத்தைந்து.

தாரை வார்த்ததை எடுத்தது மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் ஒருவன்தான், தன் போனில். முப்பதில்.

ஆடி பிறக்கும் முன் அப்பா போய்விட்டார். தாரை வார்த்த அந்தத் துண்டு வீடியோ மட்டும் வேண்டும், மற்றதெல்லாம் எப்போது வந்தாலும் பரவாயில்லை என்று கோகிலா பொள்ளாச்சியிலிருந்து ஓயாமல் போன் செய்தாள். போனில் எடுத்தவன் கல்யாண வேலை முடிந்ததும் அதை ஸ்டுடியோவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, இடம் போதவில்லை என்று தன் போனிலிருந்து அழித்திருந்தான். ஆகவே உலகத்தில் அது இருந்த ஒரே இடம், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், இருபத்தஞ்சின் கம்ப்யூட்டர்.

போய்க் கேட்டேன். துள்ளுது, சரி பண்ணித் தருகிறேன் என்றார். அடுத்த மாதமும் அதே பதில். துள்ளினால் துள்ளிக்கொண்டு போகட்டும், அப்படியே கொடுங்கள் என்று கெஞ்சினேன், கத்தினேன், ஒருநாள் கையை ஓங்கிக்கொண்டே போனேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், துள்ளுகிற படத்தைத் தன் கையால் வெளியே விடமாட்டேன் என்று சொன்னார். எடுக்க வேண்டிய காட்சியைக் கெடுத்ததும் நீதான், எடுத்ததைக் கொடுக்காமல் பிடித்துவைத்திருப்பதும் நீதான் என்று நான் சொன்னபோது அவர் அந்தத் துண்டை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். ஒரு மனிதனை அவ்வளவு வெறுக்க எனக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஸ்டுடியோ முதலாளியிடம் முறையிட்டேன். அவருக்கும் இருபத்தஞ்சு மேல் கோபம் பொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகிக் குழந்தை பிறந்த ஜோடிகள்கூட வீடியோ கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் போனில் பார்க்கிற காலத்தில் துள்ளினால் யாருக்குத் தெரியும் என்று சத்தம் போட்டு, அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டு, பாலக்காட்டிலிருந்து ஒரு புது எடிட்டரைக் கொண்டுவந்தார். அந்தப் பையன் தங்கமானவன். "ஒரு பட்டன் மதி, சேட்டா" என்றான். ஒரே பட்டன் போதுமாம், ஆட்டத்தை எல்லாம் அதுவே சரிசெய்துவிடுமாம். டீ குடித்து முடிப்பதற்குள் பென் டிரைவ் என் கையில் இருந்தது.

பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சம்பந்தி வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். படம் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்பாவின் கையில் செம்பு அசையாமல் நின்றது. கையை நிறுத்துவதற்காக அந்தப் பட்டன் மண்டபத்தையே லேசாக ஆட்டியிருந்தது. சம்பந்தி கை எவ்வளவு திடமாக நிற்கிறது பார் என்று சம்பந்தியம்மா பூரித்துப் போனார்.

கோகிலா டிவியை அணைத்தாள். "இது அய்யன் கை இல்லீங்ணா" என்றாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் அந்த வீடியோவைக் கேட்கவேயில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பொங்கலுக்குக் கோகிலா வீட்டுக்கு வந்திருந்தாள். மாட்டுப் பொங்கலன்று காலையில் தோப்பு வழியாக லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருபத்தஞ்சு வந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. வேலையை விட்டுப் போகும்போது அந்தத் துண்டைப் பிரதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கோகிலாவுக்கு முன்னால் லேப்டாப்பை வைத்துத் திறந்தார்.

அப்பா செம்பைத் தூக்கினார். மண்டபம் அசையாமல் நின்றது, மாலை நின்றது, கோகிலாவின் கை நின்றது. அப்பாவின் கை மட்டும் நடுங்கியது. தண்ணீர் ஆடி ஆடி விழுந்தது. கோகிலா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓடவிட்டாள்.

"என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டேன். மாதக்கணக்காக அவரிடம் திட்டாமல் பேசிய முதல் வார்த்தை.

"ஒண்ணும் பண்ணலீங்க. மாசக்கணக்கா இதைய இருபத்தஞ்சுக்கு இழுத்துப் பாத்தனுங்க. உங்கய்யன் நடுக்கம் எது, மிசினு துள்ளறது எதுன்னே தெரியலீங்க. அது முப்பதுல பொறந்தது. அதுக்குன்னு தனியா முப்பதுலயே ஒரு புது வேலை தொறந்து வெச்சனுங்க. சரியாப் போச்சு."

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை என்றார்.

அதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "மனசு வரலீங்க" என்றார். ஆயுளில் ஒரே ஒரு தடவை முப்பதுக்கு இறங்கி வர அந்த மனுஷனுக்கு ஆடியிலிருந்து தை வரைக்கும் தேவைப்பட்டது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொங்கல் கொடுத்தோம், நின்றுகொண்டே சாப்பிட்டார். போகும்போது வாசலில் திரும்பி, இன்னும் ஒரு இடத்தில் லேசாகத் துள்ளுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டோம், அந்த இடம் எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை.

வேறு எந்த ஸ்டுடியோவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது இடுக்கியில், சித்திரபுரம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் சிசிடிவி பார்க்கிற வேலை. செலவைக் குறைக்க அங்கே எல்லாக் காமிராவையும் நொடிக்குப் பதினைந்தில் வைத்திருக்கிறார்களாம். ஒருதடவை போனில் பேசியபோது மற்ற குறை எதுவும் சொல்லவில்லை. "ஆனை நடந்து வந்தாக்கூடத் துள்ளித் துள்ளி வருதுங்க. ஆனைக்கு ஒரு மரியாதை வேண்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். எந்தத் துள்ளலுக்குப் பயந்து ஊரையே ஆட்டிவைத்தாரோ, அதைப் பகலெல்லாம் உட்கார்ந்து பார்க்கத்தான் இப்போது அவருக்குச் சம்பளம்.

போன வாரம் கோகிலாவின் மகன் எங்கள் வீட்டு முற்றத்தில் முதல்முதலாகக் கையை விட்டுவிட்டு எழுந்து நின்றான். நான் போனைத் தூக்கினேன். "இருங்ணா" என்று கோகிலா அதைப் பிடுங்கி, செட்டிங்ஸைத் திறந்து, இருபத்தைந்தைத் தேடிப் பிடித்து வைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் பையன் நாலு எட்டு நடந்து, விழுந்து, அழவும் தொடங்கிவிட்டான்.

எடுக்க வேண்டியது இந்தத் தடவையும் போயிற்று. நானும் அவளும் அந்த ஆளைப் பேர் சொல்லித் திட்டினோம், திட்டிக்கொண்டே வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த நேரத்தில் அவர் எங்கள் வீட்டில் இருந்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது. இந்தத் தடவை உட்காரச் சொல்லியிருப்பேன்.