பொன்மணியின் பின்னணி

2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விருதுநகரில் அன்று வெயில் தன் கடமையைச் செவ்வனே செய்தது. மாலையில் மேற்கே மேகம் திரண்டது, எங்கள் ஊரை ஒருமுறை பார்த்தது, கலைந்துபோனது. ஐந்து மணிக்குக் காப்பியை என்முன் வைத்த என் மனைவி முருகேஸ்வரி ஓர் அறிவிப்பை வெளியிட்டாள்.

"நாளையிலருந்து காப்பி பிளாஸ்க்குல இருக்கும். இந்நேரம் நான் சமுதாயக் கூடத்துல இருப்பேன்."

"எதன் பொருட்டு?"

"பொம்பளைகளுக்குத் தற்காப்பு வகுப்புங்க. அடிக்க வந்தா எப்படித் தப்பிக்கிறது, தீப்பிடிச்சா எப்படி வெளிய வர்றதுன்னு பத்து நாளு சொல்லிக் குடுக்காக. பேரு குடுத்துட்டேன்."

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஐந்து மணிக் காப்பியை முருகேஸ்வரியின் கையிலிருந்து வாங்கிப் பருகுவது என் வாழ்வின் இலக்கணம். பிளாஸ்க் காப்பியை இலக்கணப்போலியாகக்கூட ஏற்க இயலாது.

"உன்னைக் காக்க நான் இருக்கும்போது உனக்கு எதற்குத் தற்காப்பு?"

"போன மாசம் மார்க்கெட்டு ரோட்டுல ஒருத்தன் பைக்குல வந்து என் சங்கிலிய அத்துக்கிட்டுப் போனானே, அன்னைக்கும் நீங்க கூடத்தான் இருந்தீக."

"வண்டியின் பின்புறத்தை நான் நன்கு கவனித்தேன்."

"கவனிச்சீக. 'தாய் பாசம்'னு எழுதியிருக்கான், நடுவுல ஒரு ப் விட்டுப்போச்சுன்னு சொன்னீக. நீங்க சொல்லி முடிக்கயில அவன் சாத்தூரு தாண்டிட்டான். அன்னைக்கு அவன் கையில சிக்குனது கவரிங்கு. அடுத்த தடவ தாலிக்கொடி சிக்குனா?"

விடை தெரியாத வினாவுக்கு மற்றொரு வினாவால் விடையளிப்பது ஆசிரியர் மரபு.

"சொல்லித் தருபவர் யார்?"

"பொன்மணின்னு ஒரு பிள்ள."

"அவளுடைய பின்னணி என்ன? யாரிடம் பயின்றாள்? முன்னர் என்ன தொழில் செய்தாள்? இவை தெளிவாகும்வரை நீ அந்தக் கூடத்தின் படியேறக் கூடாது."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"நீங்க சொல்றதும் நியாயந்தான்," என்றாள். "எனக்கே ஒரு சந்தேகம் இருக்கு. அவ கபடி ஆடுனவங்கிறாக. பட்டாசுக் கம்பெனியில இருந்தவங்கிறாக. எது நெசம்னு உங்களை மாதிரி ஆளு விசாரிச்சாத்தான் தெரியும். ஆமத்தூர்ல பஞ்சம்மாள்னு ஒருத்திக்குத் தெரியுமாம். அவ சாயங்காலந்தான் வீட்டுல இருப்பாளாம்."

இல்லறம் தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகளாகின்றன. என் சொல்லை அவள் இவ்வளவு விரைவில் ஏற்றது அதுவே முதன்முறை. அறிவுடையோர் இத்தகைய இடத்தில் சற்று நின்று யோசிப்பர். நான் பையை எடுத்து வைத்தேன்.

"போறதுதான் போறீக, அங்கன நெலக்கடலை நயமா இருக்கும். ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்க."

மறுநாள் மாலை ஆமத்தூர் சென்றேன். பஞ்சம்மாள் என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எனக்காகவே துடைத்ததுபோல் இருந்தது.

"பொன்மணியா? அவ கபடியில எறங்குனா எதிராளி கோயிலுக்கு நேந்துக்கிடுவா சார். நாலு பேரு மேல விழுந்து அமுக்குனாலும், நாலு பேரையும் சேத்து இழுத்துட்டுக் கோட்டுக்கு வந்துருவா."

"எந்த அணிக்காக? எந்த ஆண்டில்?"

"அம்புட்டு வெவரம் எங்க அண்ணன் நாகையாவுக்குத்தான் தெரியும். எம். புதுப்பட்டியில பட்டாசுக் கம்பெனி போர்மேனு. நாளைக்கு அங்கன போய்ப் பாருங்க. இந்தாங்க, முறுக்கு. அக்காகிட்ட குடுத்துருங்க."

எந்த அக்கா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை புதுப்பட்டி. ஆலைக்குள் கைப்பேசி கூடாது என்று வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆகவே வீட்டுக்கு அழைத்து முருகேஸ்வரி என்ன செய்கிறாள் என்று வினவவும் வழியில்லை. தீபாவளிச் சீசன். லோடு ஏற்றி முடியும்வரை நாகையா என்னை ஒரு வேப்பமரத்தடியில் அமர்த்தியிருந்தார்.

"பொன்மணி இங்கன கேட்டுல செக்கிங் பாத்த பிள்ள சார். தீப்பெட்டிய எங்கன ஒளிச்சாலும் கண்டுபிடிச்சிரும். ஒரு நாளு ரூமுக்குள்ள பொகை வந்துருச்சு. எல்லாத்தையும் அதுதான் வெளிய வெரட்டுச்சு. நான் செருப்ப எடுக்கத் திரும்புனேன். விட்டுச்சு ஒரு அறை."

"முறையான பயிற்சி பெற்றவள் என்பதற்குச் சான்று ஏதும் உண்டா?"

நாகையா கன்னத்தைத் தடவினார். "இதான் சார் சான்று."

"அப்படியானால் கபடி?"

"கபடியா? கண்டக்டரால்ல இருந்துச்சு. சிவகாசி பஸ்ஸ்டாண்டுல கேட்டுப்பாருங்க."

மூன்று பின்னணிகள். ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பொருந்தாத ஒன்றைப் பொருந்தாமல் விட்டுவிட என்னால் இயலாது. நாள்தோறும் மாலை நான்கு மணிக்குக் கிளம்பினேன். இருட்டும் வேளையில் திரும்பினேன். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், தேநீர்க் கடைக்காரர்கள் எல்லாரும் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார்கள். வீட்டில் நிலக்கடலை நிறைந்தது. அடுத்த ஆண்டின் காலண்டர்கள் வந்து சேர்ந்தன. தீபாவளிப் பட்டாசு கம்பெனி விலைக்கே கிடைத்தது.

முருகேஸ்வரி மட்டும் அடக்கத்தின் உருவாய் வீட்டிலேயே இருந்தாள். ஒரு நாள் அவள் முழங்கையில் சிராய்ப்பைக் கண்டேன்.

"பரண்ல ஏறுனேன்," என்றாள்.

மற்றொரு நாள் மூன்றாவது முறுக்குக்குக் கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைத் தொட்டதுதான் தெரியும். அடுத்த கணம் நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.

"உங்களுக்குச் சுகர் இருக்கு," என்றாள், என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

இறுதியில், பொன்மணியின் பின்னணியைப் பொன்மணியிடமே கேட்டால் என்ன என்று தோன்றியது. இவ்வளவு எளிய வழி இவ்வளவு தாமதமாகத் தோன்றியது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது. பயிற்சியின் கடைசி நாளன்று சமுதாயக் கூடத்துக்குச் சென்றேன். வாயிலை நான் மிதித்த நேரம், உள்ளே தடித்த ஆள் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியை எட்டிப் பிடித்தான். அவள் சற்றே விலகினாள். அவன் வந்த வேகத்திலேயே பாயில் மல்லாந்து விழுந்தான்.

விலகியவள் முருகேஸ்வரி. விழுந்தவர் நாகையா. கைதட்டியவள் பஞ்சம்மாள், முதல் நாள் மட்டும் என் பொருட்டு அவள் வகுப்புக்கு விடுப்பு எடுத்தாளாம்.

"வாங்க சார்," என்றார் நாகையா, படுத்தபடியே.

எனக்குச் சினம் வந்தது. ஆயினும் கேட்க வந்ததைக் கேட்டேன். "அம்மா பொன்மணி, உன் பின்னணிதான் என்ன?"

"மூணும் நெசந்தான் சார். கபடி ஆடுனேன், கேட்டுல நின்னேன், கண்டக்டராவும் இருந்தேன். ஆனா தப்பிக்கிற வித்தைய அங்கன எங்கயும் படிக்கல. உங்ககிட்டதான் படிச்சேன். எட்டாப்பு, கடைசி பெஞ்சு."

உற்று நோக்கினேன். ஒற்று மிகவேண்டிய இடத்தில் ஒருநாளும் மிகவிடாத அதே பொன்மணி.

"நீங்க கேள்வி கேக்கக் கெளம்புனா, நான் முந்திக்கிட்டு ஒரு சந்தேகம் கேப்பேன். நீங்க அது பின்னாடியே போயிருவீக. மணி அடிக்கிற வரைக்கும் வகுப்புல ஒரு உசுருக்கும் ஆபத்தில்ல. பேரு குடுக்க வந்தன்னைக்கு அக்கா, 'வீட்டுல விடமாட்டாக'ன்னு வெசனப்பட்டாக. மறிச்சு நிக்காதீக, ஒரு சந்தேகத்தக் குடுத்து அனுப்பி விட்டுருங்கன்னேன். அதான் சார் முதப் பாடம்."

முருகேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. தலை குனிந்து சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

பின்னர் நடந்தது இது. செப்டம்பர் மாதம் அதே மார்க்கெட்டுச் சாலையில் அதே வண்டி வந்தது. எழுத்துப்பிழை திருத்தப்படாமல் அப்படியே இருந்தது. கழுத்துக்கு நீண்ட கை முருகேஸ்வரியின் பிடியில் சிக்கியது. வண்டி மட்டும் தனியே சென்று மிளகாய் வற்றல் மூட்டைகளில் மோதிச் சாய்ந்தது. தாலிக்கொடி இருந்த இடத்திலேயே இருக்கிறது. வண்டியை அடையாளம் காட்டியவன் நான் என்பதைக் காவல் நிலையத்தில் எவரும் பொருட்படுத்தவில்லை.

இப்போது முருகேஸ்வரியும் அங்கே பயிற்சியாளர். உயிர்காப்புப் பகுதி அவள் பொறுப்பு. அதற்கு அவளுடைய பின்னணி என்ன என்று பொன்மணியிடம் கேட்டேன். "உங்ககூட முப்பத்தஞ்சு வருசம் சார்," என்றாள்.

ஐந்து மணிக் காப்பி இன்னமும் பிளாஸ்க்கில்தான் இருக்கிறது. நேற்று அதைப் பற்றிக் கண்டிப்புடன் பேச வாயெடுத்தேன்.

"ஏங்க," என்றாள் முருகேஸ்வரி, "எங்க வகுப்புக்குக் காளீஸ்வரன்னு புது மாஸ்டர் வர்றாராம். சாத்தூர்க்காரரு. மலேசியாவுல கராத்தே படிச்சேங்கிறாரு. எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு."

அவளுடைய தந்திரம் எனக்கு இப்போது முழுமையாகத் தெரியும். சாத்தூரில் அவள் சொன்ன காராச்சேவை வாங்கிவிட்டேன். காளீஸ்வரனின் வீட்டைத்தான் இன்னும் கண்டுபிடிக்க இயலவில்லை.