ஆறு துண்டுச் சதுரம்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வடிவியல் வரவில்லை என்பதைச் சென்னையில் கண்டுபிடித்தார்கள். எங்கள் ஊர் உப்பூருக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டி இருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் யாரும் இங்கே வந்ததில்லை. வந்திருந்தால் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பறைக் கூரையில் ஓர் ஓட்டை இருப்பதையும் கண்டுபிடித்திருப்பார்கள். ஓடுகள் சரிந்து விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. மனுக் கொடுத்தும் மூன்று வருஷம் ஆகிறது.

ஓட்டைக்கு யாரும் வரவில்லை. வடிவியலுக்கு வண்டியே வந்தது. சுவரளவு ஒரு திரை, படம் எடுக்கக் கையளவில் ஒரு டேப், பிள்ளைக்கு ஒரு டேங்க்ராம் பெட்டி. டேங்க்ராம் என்றால் ஒரு சதுரத்தை ஏழு துண்டாக வெட்டி வைத்தது. துண்டுகளை வைத்து வீடு, படகு, கொக்கு எதையும் செய்யலாம். கடைசியில் மறுபடி சதுரமாகச் சேர்க்க வேண்டும். நல்ல விளையாட்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவர்கள் எங்களை வானம் ஏற்றி வைகுண்டம் அனுப்ப வந்ததைத்தான் சொல்கிறேன்.

ப்ளக் பாயிண்ட் இருந்த சுவர் ஒன்றே ஒன்று. அது ஓட்டைக்கு நேர் கீழே. ஆகவே பள்ளி மேலாண்மைக் குழு அவசரமாகக் கூடி, திரைக்கு ஒரு தார்ப்பாய் வாங்கித் தந்தது. அந்தக் குழுவில் நானும் உறுப்பினர். எனக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. ஐப்பசி மழையில் திரை நனையவே இல்லை. பிள்ளைகள் நனைந்தார்கள்.

தலைமையாசிரியை ராமலெட்சுமி பெட்டிகளைப் பிரித்தார். இருபத்தெட்டுப் பெட்டியிலும் ஆறு துண்டுகளே இருந்தன. மாவட்ட வடிவியல் மேம்பாட்டு ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பதவி புதிதாக முளைத்திருந்தது. அதில் அமர்ந்திருந்த பாண்டித்துரைக்கு டீச்சர் போன் போட்டார்.

"சார், ஒரு துண்டு குறையுது."

"குறையல டீச்சர். நீக்கியிருக்கு."

"எதுக்கு சார்?"

"அந்தத் துண்டு இணைகரம். இணைகரம் ஏழாங்கிளாஸ் பாடம். மூணாங்கிளாஸ் புள்ள கையில எப்படிக் குடுக்க முடியும்? கமிட்டி கூடி, சுமையக் கொறைச்சிருக்கு."

"அது இல்லாம சதுரம் எப்படி சார் சேரும்?"

"ஆறு துண்டுல எம்புட்டு வருதோ அதுதான் டீச்சர் சதுரம். ஆப்ல அப்படித்தான் செட் பண்ணியிருக்கு."

அப்படித்தான் இருந்தது. பிள்ளை செய்ததை டேப்பில் படம் எடுத்தால், ஓரமாகச் சாய்ந்த ஓர் ஓட்டையோடு இருந்தால் சரி என்று பச்சை விழும்.

மூன்றாம் வகுப்பில் மாரிச்செல்வி என்று ஒரு பிள்ளை. அவள் அம்மா பூங்கோதை வலை பொத்துகிறவள். அந்த வீட்டில் கிழிசலைக் கண்டால் யார் கையும் சும்மா இருக்காது. மாரிச்செல்வி மீன்பெட்டித் தெர்மாகோலில் ஏழாவது துண்டை வெட்டி இடைவெளியில் வைத்து அமுக்கினாள். சதுரம் மூடிக்கொண்டது. மற்றப் பிள்ளைகளும் அவளைப் பார்த்து வெட்டினார்கள். டீச்சர் சந்தோஷமாகப் படம் எடுத்தார். இருபத்தெட்டுக்கும் சிவப்பு. 'அங்கீகரிக்கப்படாத வடிவம்' என்றது டேப்.

பள்ளிக்கு வடிவியலில் பூஜ்யம். பத்தே நாளில் கடிதம் வந்தது. மறு ஆய்வு ஒன்று நடக்கும். அதிலும் பூஜ்யம் என்றால் பள்ளியை அடுத்த ஊர்ப் பள்ளியுடன் சேர்த்து விடுவார்கள். அடுத்த ஊர் நாலு கிலோமீட்டர். நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலை. அங்கே லாரிகள் ஆட்டுக்கே நிற்பதில்லை. மறு ஆய்வுக்கு நிற்க வேண்டிய பிள்ளை யார் என்பதும் கடிதத்தில் இருந்தது. முதல் சிவப்போடு குற்றத்தைத் தொடங்கி வைத்த மாரிச்செல்வியேதான்.

ஆய்வன்று காலையில் குழு கூடியது. பிள்ளை என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். பூங்கோதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஓட்டைய இல்லைன்னு சொல்லுன்னு எம்மகட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"

"ஏத்தா, லாரி போற போக்கப் பாத்தேல்ல?" என்றேன். "ஒரு நாளைக்குச் சதுரம்னு சொல்லிட்டுப் போகட்டும். வாயா வெந்துரும்?"

அவள் மகளைக் கூட்டி வர எழுந்து போனாள். நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

பாண்டித்துரை வந்தார். கூரை ஓட்டை வழியாக வெயில் அவர் மேல் விழுந்தது. நாற்காலியை நகர்த்திப் போட்டார். வெயிலும் நகர்ந்து வந்தது. மூன்று முறை நகர்ந்தவர் ஒரு முறையும் மேலே பார்க்கவில்லை. ஆறு துண்டுகளையும் தானே அடுக்கி, டேப்பில் வீடியோ எடுக்கத் தொடங்கினார்.

"இது என்ன பாப்பா?"

மாரிச்செல்வி விரலை இடைவெளிக்குள் விட்டாள். "இங்கன ஒண்ணு இல்ல சார்."

"இல்லாதத விடு. அது ஏழாங்கிளாசுக்கு விட்டு வச்ச இடம்."

"எங்க பள்ளிக்கூடத்துல அஞ்சாப்பு வரைக்குந்தான் சார்."

ராமலெட்சுமி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பாண்டித்துரையின் முதுகுக்குப் பின்னால் நின்று, எட்டு வயசுப் பிள்ளையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு விரலை வெளியே எடுத்தாள்.

"சதுரம் சார்."

"முழுசாச் சொல்லு."

"முழுச் சதுரம் சார்."

திரையில் பச்சை விழுந்தது. அறையே கை தட்டியது. டீச்சர் தட்டினார், வாசலில் நின்ற பூங்கோதைகூடத் தட்டினாள். எல்லாரையும்விடச் சத்தமாக நான் தட்டினேன், வெட்கமில்லாமல்.

பள்ளி பிழைத்தது. 'முன்மாதிரி வடிவியல் பள்ளி' என்று சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டு, நனையாத இடமாகப் பார்த்து மாட்டினோம். முன்மாதிரிப் பள்ளிக்கு முன்னுரிமை இருக்குமே என்று கூரைக்கு மறுபடி மனுப் போட்டோம். மூன்று வருஷம் வாய் திறக்காத அலுவலகம் மூன்றே நாளில் பதில் தந்தது. ஆள் வர வேண்டியதில்லை, அதே டேப்பில் கூரையைப் படம் எடுத்து ஏற்றினால் போதும் என்றார்கள். பெஞ்சு மேல் ஏறி, ஓட்டை நன்றாகத் தெரிய நானே எடுத்தேன். பச்சை விழுந்தது. மறுவாரம் உத்தரவு வந்தது.

'மேற்படிக் கூரை முழுமையானது எனச் செயலி உறுதி செய்துள்ளது. இத்தகைய வடிவம் முழுமையானதே என மேற்படிப் பள்ளி மாணவி கூறியதும், மேலாண்மைக் குழுவினர் அதனைக் கை தட்டி ஏற்றுக்கொண்டதும் காணொளியில் பதிவாகியுள்ளன. ஆகவே மனு முடித்து வைக்கப்படுகிறது.'

டீச்சர் அதை இரண்டு முறை வாசித்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கார்த்திகை மழை பிடித்த அன்று மாரிச்செல்வி ஐஸ் கம்பெனிக்கு வந்தாள். தலையெல்லாம் நனைந்திருந்தது.

"மாமா, ஒடைஞ்ச மீன்பெட்டி நாலு குடுங்க."

"எதுக்குத்தா?"

"கூரைக்கு. வெட்டி வச்சா மூடிரும். அளந்துட்டேன்."

நாலு பெட்டி என் காலடியிலேயே கிடந்தது. எடுக்கக் குனிந்தேன். கூரைப் படத்தை மாசா மாசம் ஏற்ற வேண்டும், பச்சை தவறினால் பள்ளிக்கு மறு ஆய்வு என்று உத்தரவின் கடைசி வரியில் இருந்தது நினைவுக்கு வந்தது. நிமிர்ந்துவிட்டேன்.

"வேண்டாம்த்தா," என்றேன். "மூடுனா செவப்பு விழுந்துரும்."