ராகி அண்ணனும் என் நாக்கும்

மலாக்கா பக்கம் எங்கள் ஜாசினில் ராகி அண்ணனைப்போல் ஒரு தும்மலுக்கு அவ்வளவு பேசியவர் எவரும் கிடையாது. ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பார். டாக்டர் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்; இவரிடம் இருபது நிமிடம் ஆகும். பக்கத்து ஊரான பெம்பான்காரர் ஒருவர் அவர் பேச்சில் பஸ்ஸைக் கோட்டைவிட்டு, திரும்பி வந்து மீதியையும் கேட்டாராம்.

எனக்கு ஐந்து வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. வெட்கப்பட்டு ஆபீசில் மறைத்து வைத்திருந்தேன். அப்புறம் நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. மருந்துச் சீட்டை நீட்டி அண்ணனிடம் கிசுகிசுத்தேன். அவர் கூடத்துக்கே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"தம்பி, இது ராகி. மாத்திரை அத வளரவிடாமப் புடிச்சு வைக்கும், அவ்வளவுதான். அடிச்சுக் கொல்றது ஒங்க ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுங்க. இனிப்பு ஏறிச்சுன்னா அதுங்க மந்தமாயிடும்லா."

மானம் போன அவசரத்தில் முதல் வார்த்தைகள் மட்டுமே மண்டையில் ஏறின. மலாயில் ராகி என்றால் ஈஸ்ட். மாவைப் புளிக்க வைப்பதும், என் நாக்கில் குடியேறியதும் அந்த இனம்தான். பிறந்ததிலிருந்து மலாய் பேசும் எனக்கு அன்றைக்கென்று தமிழ் ராகிதான் ஞாபகம் வந்தது. தினமும் குடித்த ராகிக் கூழை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் பாலும் சீனியும் வழியும் தே தாரிக் இரண்டு கிளாஸ். மாத்திரை தீர்ந்தபோது நாக்கு முன்னைவிட வெளுத்திருந்தது.

கூழை ஏன் நிறுத்தினேன் என்று மனைவி கேட்டாள். அண்ணன் நிறுத்தச் சொன்னார் என்றேன். அண்ணன் போட்ட சத்தத்தில் என் நோய் தெரிந்து ஆபீசில் விசாரித்தவர்களிடமும் அதையே, அவர் குரலில் நடித்துக் காட்டினேன். சிரிப்பு என்னை விட்டு அவர் பக்கம் திரும்பியது. ராகி அண்ணன் என்ற பெயர் வந்த கதை இதுதான். வைத்தவன் நான்.

பேச்சு டாக்டர் காதுக்கும் போனது. மீண்டும் மருந்து வாங்கப் போனபோது அண்ணன் பொட்டலத்தை நகர்த்தி, "ஒரு நாளைக்கு ஒண்ணு" என்றார். நான் காத்து நின்றேன். வேறொன்றும் வரவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவாம். அடுத்த அறையில்தான் டாக்டர் இருந்தார். போய் உண்மையைச் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தேன். அந்த நடையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

போன மாதம் ஜாசின் பாசாரில் அவரைப் பார்த்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் தம்பி," என்றார். "நாக்க நீட்டுங்க."

மீன்கடை முன்னால், ஐம்பது வயதில், நாக்கை நீட்டினேன். சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, வெள்ளை அணுக்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

இந்தக் கதை வரும் இதழ் அந்தக் கிளினிக் கூடத்தில் எப்போதும் கிடக்கும். டாக்டர், தப்பு என்னுடையது. அண்ணனைப் பேச விடுங்கள். பஸ் போனால் போகட்டும்.